பூட்ஸுக்கு ஒரு காற்றுக்கொம்பு

அந்த பூட்ஸ் வீட்டுக்கு வந்த சாயங்காலம் ரஹீமுன்னிசா முதலில் கவனித்தது அதன் மூக்கைத்தான். காலில் போடுகிற எதுவானாலும் முனை வளைந்துதானே இருக்கும்? இதற்கோ பலகையை வெட்டியது போலச் சதுர மூக்கு. அடித்தோல் மேல்தோலைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தாள். குதிகாலைச் சுற்றித் தோலைக் குடைந்து ஒரு பள்ளம் ஓடியது. உள்ளே கையை விட்டால் கம்பளி மாதிரி மெத்தென்று இருந்தது. தூக்கினால் ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம்.

“இன்னா மச்சான் இது? மூக்கு ஏன் இப்டி கீது?”

“மூக்கு எப்டி இருந்தா இன்னா? காலுக்கு சூடா கீது. அத்தப் பாரு,” என்றான் அவள் புருஷன் தாவூது.

“அது செரி. குதிகால்ல ஏன் பள்ளம் தோண்டி வச்சிகிறான்?”

“மில்ட்ரி சாமான். அவன் எதுக்கோ தோண்டினான். நீ சோத்தைப் போடு.”

அவள் சோற்றைப் போட்டாள். போட்டுக்கொண்டே அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நாற்பத்தொன்பதாம் வருஷம். யுத்தம் முடிந்து, ராணுவத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலத்தில் எடுத்தவர்கள் மெட்ராஸ் முழுக்கக் குவித்து விற்றுக்கொண்டிருந்த காலம். தண்ணீர்க் குடுவை, கூடாரத்துணி, கம்பளிக் காலுறை, யாருக்கும் பெயர் தெரியாத இரும்புச் சாமான்கள் எல்லாம் ராயபுரத்துப் பழைய சாமான் கடைகளில் தொங்கின. அந்தக் குவியலில்தான் தாவூதுக்கு இந்த பூட்ஸ் கிடைத்தது.

தாவூது வேலை பார்த்தது ஓர் ஐஸ் கம்பெனியில். காசிமேட்டு மீனுக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய நீளத் தகர டப்பாக்களை இறக்கி உறையவைப்பார்கள். உறைந்ததும் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை முக்கி, பலகை மேல் கவிழ்ப்பார்கள். ஆளுயர ஐஸ் கட்டி சறுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கியால் இழுத்து அடுக்குவது தாவூதின் வேலை. தரை முழுக்கத் தண்ணீரும் நொறுங்கிய ஐஸும். ஆட்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் சாக்கை அவிழ்த்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்று கிள்ளிப் பார்க்க வேண்டும்.

பூட்ஸ் வந்ததும் தாவூதுக்கு ராஜா ஆகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் நாலைந்து நாளில் வேறு ஒரு தொல்லை தலைகாட்டியது. தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கிவிடும். உள்ளே இருந்த கம்பளி அதைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் விடியலில் அதே ஈரத்துக்குள் காலை விட வேண்டும். சாக்காவது அவிழ்த்தால் உலர்ந்தது. இது உலரவில்லை. தாவூதின் பாதம் ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்துப்போய், விரலிடுக்கு எல்லாம் வெடித்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, “காலை ஈரத்துல வைக்காதே” என்றார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவனிடம் போய் ஈரத்தில் நிற்காதே என்றால் அவன் எங்கே நிற்பான்?

“காலு ஈரத்துல நிக்கட்டும். பூட்ஸு காய்ஞ்சா போதும்ல?” என்றாள் ரஹீமுன்னிசா.

அவளுக்கு எதையும் குடைந்து பார்க்காமல் இருக்க முடியாது. தண்டையார்ப்பேட்டையில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஜாபர் பாயின் மகள் அவள். சின்னவளாக இருந்தபோது நனைந்த கயிறு ஏன் இறுகுகிறது என்று அத்தாவைக் கேட்டாள். அது அப்படித்தான் என்றார் அவர். அவள் கிணற்று வாளியில் ஒரு முடிச்சைப் போட்டு நனைத்து நனைத்து உலர்த்திப் பார்த்து, கடைசியில் உலர்ந்த முடிச்சு நழுவி வாளியையே கிணற்றில் விட்டுவிட்டாள். “இந்தப் பொண்ணு வாயி முழுக்க ஏன், ஏன், ஏன்தான்,” என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நிக்காஹ் முடிந்து ராயபுரத்துக்கு வந்த பிறகும் அந்த வாய் மூடவில்லை. தாவூது நல்ல மனுஷன். பதில் தெரியாவிட்டாலும் கேள்வியைக் கேட்டுக்கொள்வான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயில் என்பதே இல்லை. அவள் மனதில் வந்த முதல் யோசனை எல்லோருக்கும் வருகிற யோசனைதான். சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் செங்கல்லை வைத்து அதன்மேல் பூட்ஸை நிறுத்தினாள். வெதுவெதுவென்று ஆவி கிளம்பியது. நல்லதாயிற்று என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். குழாயடியில் கூட்டம். திரும்பி வரும்போதே சந்து முனையில் ஒரு நாற்றம். ஆட்டுத்தலையைச் சுடுகிற நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தால் இடது பூட்ஸின் மூக்கு சுருங்கி, தோல் வாய்பிளந்து கிடந்தது.

தாவூது வந்து காலை நுழைத்துப் பார்த்தான். பாதி தூரம்தான் போயிற்று. இரைந்து கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். அவன் பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, “பரவால்ல, வுடு,” என்றான்.

மறுநாள் பழையபடி சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். அன்றைக்கு என்று பலகையில் சறுக்கி வந்த கட்டி ஒன்று திசைமாறியது. சாக்கு சுற்றிய கால் பிடிமானம் இல்லாமல் வழுக்க, கட்டி அவன் கணுக்காலில் மோதியது. இரண்டு பேர் தோள் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் வீக்கம் வடிய வாரக்கணக்கு ஆகும் என்றார்கள்.

ரஹீமுன்னிசா அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு ரயிலடி மரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் போனாள். அவர் தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, உள்ளே மரக்கட்டையை இறுக்கி அடித்து, பிளந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்.

“தோலை நெருப்பண்டை வச்சியாமே? கருவாடா பூடும்மா அது,” என்றார்.

“நெருப்புல வைக்காம எப்டிண்ணே காயவைக்கிறது?”

“காயறப்ப காயும்.”

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. நாலு துண்டு வெட்டுத்தோலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பழைய கம்பளிக் கிழிசல் ஒன்று வீட்டில் இருந்தது. ஒவ்வொரு தோல் துண்டிலும் கம்பளியைச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே வாளியில் நனைத்து எடுத்தாள். தாவூது காலை நீட்டிப் பாயில் படுத்தபடி வேடிக்கை பார்த்தான்.

ஒன்றைச் சுடுமணலில் புதைத்தாள். மணல் ஈரத்தை எடுத்தது, ஆனால் கம்பளிக்குள் புகுந்துகொண்டு உதறினாலும் போகவில்லை. இதை பூட்ஸுக்குள் போட்டால் கால் என்னாவது? ஒன்றைப் பழைய பேப்பரில் திணித்தாள். பேப்பர் சீக்கிரம் குடித்தது. சீக்கிரம் வயிறு நிரம்பியும் போயிற்று. மாற்றிக்கொண்டே இருக்க ஒரு பேப்பர் கடைதான் வைக்க வேண்டும். ஒன்றைச் சுண்ணாம்புக் கல்லோடு சட்டியில் போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் சட்டி ‘உஸ்’ஸென்று சீற, மூடியைத் திறந்தால் தோல் வெந்து கூழாகிக் கிடந்தது.

“இன்னாமே, என் பூட்ஸைத் தாளிக்கப் போறியா?” என்றான் தாவூது. அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தான்.

நாலாவது துண்டுக்கு அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. அதைச் சும்மா வாசல் கொடியில் மாட்டியிருந்தாள். மழை விட்டிருந்தது; வானம் மூடிக்கிடந்தது; கடல் காற்று மட்டும் சந்துக்குள் புகுந்து அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உலர்ந்திருந்தது. தோலும் பதமாக வளைந்தது.

வெயில் இல்லை, நெருப்பு இல்லை. பிறகு எது அந்தத் தண்ணீரை எடுத்தது?

மறுநாள் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள். “காத்து இல்லாத வெயிலும் ஒண்ணுதான், கூரை கீழ வைக்கிறதும் ஒண்ணுதான். மோடம் போட்டா கூட காத்து இருந்தா காய்ஞ்சிடும்,” என்று ஒருத்தி மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். ரஹீமுன்னிசா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்படியானால் பூட்ஸின் உள்ளே காற்று போக வேண்டும். போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். ஒரே வாய் உள்ள பைக்குள் காற்று எப்படிப் போய் வரும்?

அவர்கள் குடியிருந்தது ராசையாவின் ரொட்டிக்கடைக்குப் பின்னால், ஒட்டினாற்போல இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று. ரொட்டி அடுப்பின் முதுகுச்சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் பின்சுவர். தொட்டால் எந்நேரமும் சூடு இருக்கும். கோடையில் அந்தச் சுவரை எல்லோரும் திட்டித் தீர்ப்பார்கள். அந்த மழைக்காலத்தில் அவள் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தோலைச் சுடாத சூடு. சுவரோரமாகத் தாவணிக் கிழிசல் ஒன்றைப் பிடித்தாள். அது மெல்ல மேல்நோக்கி ஆடியது. சூடானால் காற்று மேலே ஏறுகிறது! அதை ஒரு குழாயில் பிடித்து, கவிழ்த்த பூட்ஸுக்குள் விட்டால்?

தகர வேலை செய்யும் வெள்ளத்துரையின் பட்டறை ரயில் கேட்டுக்கு அந்தப்புறம் இருந்தது. கப்பல்களிலிருந்து கழித்த பிஸ்கோத்து டின், எண்ணெய் டின், மிட்டாய் டின் எல்லாம் அவர் பட்டறைக்கு வந்து முறமாகவும் புனலாகவும் மாறும்.

“தங்கச்சிக்கு இன்னா வேணும்? புனலா, அகப்பையா?”

“ரெண்டு குழாய்ண்ணே. பூட்ஸுக்குள்ள போற மாதிரி. கீழ ஒரு பொட்டியில மாட்டணும்.”

“பூட்ஸுக்கு இன்னாத்துக்கு குழா? அதுக்கு மூச்சு முட்டுதா?”

“ஆமாண்ணே. மூச்சுதான் முட்டுது,” என்று அவள் விளக்கினாள். வெள்ளத்துரை கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் இதுவரை யாரும் கேட்காத சாமான் ஒன்றைச் செய்யப்போகிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. வெட்டுவதற்கு ஏற்ற டின்னைத் தேடிக் குவியலைக் கிளறினார். ஒரு டின் உருண்டு வந்து ரஹீமுன்னிசாவின் காலடியில் நின்றது.

அதன் மூடியில் ஒரு படம். பால் கொட்டினாற்போல வெள்ளை மலை. அதன் சரிவில் ஒருவன், இரண்டு கையிலும் குச்சியோடு, காலில் இரண்டு நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பறந்து வந்துகொண்டிருந்தான். அவள் டின்னைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவன் போட்டிருந்த பூட்ஸுக்குச் சதுர மூக்கு. மூக்கின் மேல் இரும்புப் பிடி. குதிகாலைச் சுற்றி ஒரு கம்பி, பள்ளத்தில் பதிந்து ஓடியது.

“அண்ணே! இத்த வெட்டாதீங்க! இத்த வெட்டாதீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தாவூது படத்தையும் பூட்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அந்த வெள்ளை இன்னாது? உப்பா?”

“உப்பு இல்ல மச்சான். ஐஸு. மலை முழுக்க ஐஸு.”

“அடிங்... ஐஸ் மேல வழுக்கிக்கினு போறதுக்கு செஞ்ச பூட்ஸு. நான் வழுக்கக்கூடாதுன்னு போட்டுக்கினு கீறேன்.” அவன் சிரித்த சிரிப்பில் கணுக்கால் வலித்து முகம் சுளித்தான். மறுபடியும் சிரித்தான். “ஆனா இவனுக்கும் உள்ள ஈரமாத்தானே ஆயிருக்கும்? இவன் பொண்டாட்டி எங்கமே காயவச்சிருப்பா?”

அந்தக் கேள்வி ரஹீமுன்னிசாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்னொருத்தியும் ஈர பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்திருப்பாள் என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை.

வெள்ளத்துரை தகரப் பெட்டி செய்து கொடுத்தார். சூடான சுவரோடு ஒட்டி நிற்கும். அடியில் காற்று நுழைய இடைவெளி. மேலே இரண்டு குழாய். குழாயின் தலையில் சுற்றிலும் ஓட்டை. பூட்ஸைக் கவிழ்த்து மாட்டினால் சூடான காற்று நுனிவரை ஏறி, குழாயைச் சுற்றி வெளியே வழியும். விடியலில் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே கோழிக்குஞ்சைத் தொட்ட மாதிரி வெதுவெதுப்பு. தாவூது வேலைக்குத் திரும்பினான். விரலிடுக்குப் புண் மெல்ல மெல்ல ஆறியது.

ஆனால் அந்தச் சுவர் ஏற்பாடு அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளுக்கு வருஷக் கடைசியில் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் விஞ்சு ஓட்டுபவன். பிறந்த குழந்தைக்கு அந்தச் சூட்டில் உடம்பு முழுக்க வேர்க்குரு. பொழுதெல்லாம் கத்தும். மார்கழியிலேயே இப்படி என்றால் சித்திரையில் என்ன ஆகும்? கிருஷ்ணப்பன் ராசையாவிடம் போய் நின்றான். ராசையாவும் அடுப்பைக் கொத்திப் புதுசாகக் கட்ட நினைத்திருந்தார். கட்டுகிற கையோடு எதிர்ச்சுவரில் கட்டிவிடுகிறேன் என்றவர், இரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பின்பக்கம் வந்தார்.

“இன்னா சொல்றே தங்கச்சி? உன் தகரப் பொட்டிக்கு இந்தச் சுவருதான்னு கேள்விப்பட்டேன். நீ வேணான்னா நான் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடறேன்.”

ரஹீமுன்னிசாவுக்குத் தாவூதின் கால் கண்முன் வந்தது. இத்தனை நாள் தேடி, இப்போதுதான் ஒரு வழி பிடிபட்டிருந்தது. ஆவுடையம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கேட்கக்கூடாது என்று உதட்டை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“மாத்திடுங்கண்ணே,” என்றாள் ரஹீமுன்னிசா. “பூட்ஸுக்கு வேற எதுனா பாத்துக்கலாம். குழந்தைக்கு வேற தோலு வாங்க முடியுமா?”

சொல்லிவிட்டு உள்ளே வந்து தகரப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வேறு என்ன பார்ப்பது? சாயங்காலம் தாவூதிடம் சொன்னபோது, “சரியாத்தான் சொன்னே,” என்றான். ஆனால் கையால் கால் விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

அடுப்பு மாறியது. சுவர் குளிர்ந்தது. தகரப் பெட்டிக்குள் அரிக்கேன் விளக்கை வைத்துப் பார்த்தாள். காற்று ஏறியது உண்மைதான். கூடவே மண்ணெண்ணெய்ப் புகையும் ஏறி, கம்பளி கறுத்து, தாவூதின் காலைத் துரத்திக்கொண்டு ஒரு நாற்றம் ஐஸ் கம்பெனி வரை போனது. ஐஸ் வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள் என்று மேஸ்திரி கோபித்துக்கொண்டார்.

ஒரு நாள் கிருஷ்ணப்பனுக்குச் சாப்பாடு கொடுக்க ஆவுடையம்மாள் துறைமுகத்துப் பக்கம் போனாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ள ரஹீமுன்னிசாவும் கூடப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கப்பல் கட்டியிருந்தது. அதன் மேல்தளத்தில் வளைந்த கழுத்தோடு பெரிய பெரிய கொம்புகள், வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. சிறுவயதிலிருந்து அவள் பார்க்கிறவைதான். அன்றைக்கு ஒரு கூலியாள் ஒரு கொம்பைக் கடல் பக்கம் திருப்பிவைத்ததைப் பார்த்தாள்.

“கிஷ்ணப்பண்ணே, அத்த ஏன் திருப்புறாங்கோ?”

“காத்து அந்தாண்ட இருந்து வருதுல்ல? வாயை அந்தப் பக்கம் திருப்பினா காத்து உள்ள பூந்து, அடியில கீற ரூமுக்கெல்லாம் போவும். இல்லன்னா கீழ வேல செய்றவன் வெந்து பூடுவான்.”

“மெஷினு இல்லாமயா?”

“மெஷினு இன்னாத்துக்கு? காத்துதான் மெஷினு.”

அவள் குழந்தையை ஆவுடையம்மாளிடம் கொடுத்துவிட்டு அந்தக் கொம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்று வாளி காலியாகி, ஆவுடையம்மாள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள். நேரே வெள்ளத்துரையின் பட்டறைக்குத்தான் போனாள்.

“இப்ப இன்னா, கப்பலே கட்டணுமா?” என்றார் அவர், அவள் கையால் காற்றில் வரைந்து காட்டியதைப் பார்த்து.

“கப்பல் வேணாம்ண்ணே. கொம்பு மட்டும்.”

ஓட்டுக்கூரையை ஒட்டி ஒரு கொம்பு எழுந்தது. அதன் வாயைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கழுத்து கீழே இறங்கி, அடி இடைவெளியை அடைத்துவிட்ட பழைய பெட்டியில் வீட்டுக்குள் சேரும். முதல் நாள் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு போனது. கவிழ்த்த பூட்ஸைச் சுற்றிக் கையை வைத்தால் உள்ளங்கையில் ஊதுவது தெரிந்தது. சந்திலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் விடியலில், பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. காற்றோடு மழையையும் கொம்பு வாயார வாங்கிக்கொண்டது. தாவூது எழுந்து பூட்ஸை எடுக்கும்போது பெட்டி தளும்பியது.

“ஐஸ் கம்பெனிய வூட்டுக்கே கொண்டாந்துட்ட,” என்றான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தாலும், கைகள் அதற்குள் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தன. தண்ணீர் கனம், கீழே விழும். காற்று லேசு, எங்கே வழி இருக்கிறதோ அங்கே போகும். இரண்டையும் ஒரே இடத்தில் விட்டு, வெவ்வேறு வாசல் வைத்தால்? வெள்ளத்துரை பெட்டியின் நடுவே தகரத்தால் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தார். கொம்பிலிருந்து இறங்கும் மழை தடுப்புக்கு இந்தப்புறம் விழுந்து, அடியிலிருந்த ஓட்டை வழியாகச் சாக்கடைக்கு ஓடியது. காற்று மட்டும் தடுப்பின் மேலே தாண்டி, அந்தப்புறம் இருந்த குழாய்களில் ஏறி பூட்ஸுக்குள் போனது.

அடுத்த மழைக்கு அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே போய் பூட்ஸைத் தொட்டாள். புதிதாய் ஒரு சொட்டு இல்லை.

அது சரியாக வேலை செய்தது என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. ஈரக்காற்று அடிக்கும் நாளில் கம்பளி முழுக்க உலராது. கொஞ்சம் பிசுபிசுப்பு நிற்கும். காற்றே இல்லாத நாளில் கொம்பு சும்மா வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்போது பேப்பர் திணித்து, மாற்றி மாற்றி எடுப்பாள். ஆனால் தோல் வெடிக்கவில்லை, நாற்றம் இல்லை, யார் வீட்டுக் குழந்தைக்கும் அதனால் தொந்தரவு இல்லை. தாவூதின் கால் மனுஷன் காலாக இருந்தது. சுவரின் சூடு இதைவிட நன்றாக உலர்த்தியது என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. “அது சீக்கிரம் காய்ஞ்சிது. இது போதுமான அளவு காயுது,” என்பாள்.

கம்பெனியில் வேறு சிலரும் பழைய சாமான் கடையில் பூட்ஸ் தேடிப் பிடித்தார்கள். வெள்ளத்துரைக்கு மூன்று நான்கு கொம்புகள் செய்யும் வேலை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் காற்று ஒவ்வொரு மாதிரி. எங்கே வைப்பது என்று அவளைத்தான் கூட்டிப்போனார்கள். ஒரு கிழிசலை நூலில் கட்டிக் கூரையோரமாகப் பிடித்துக்கொண்டு அவள் நடப்பாள். கிழிசல் எங்கே அதிகம் துள்ளுகிறதோ அங்கே நிற்பாள். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகும், தொப்பை விழுந்து மூச்சிரைக்கும் வயதிலும், அந்தச் சந்தில் யாருக்குப் புகைக்கூண்டு வைப்பதானாலும் ஜன்னல் திறப்பதானாலும் அவள் கிழிசலோடு வந்து நிற்பாள்.

கொம்பு வைத்த அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். தாவூது அவளைக் கூட்டிப்போனான். மாலை போட்ட மெஷின்கள் ஓய்ந்து நின்றன. எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டிருக்க, அவள் தொட்டியோரம் போய்ப் பலகை மூடி ஒன்றை நீக்கி எட்டிப் பார்த்தாள். தகர டப்பாவுக்குள் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. டப்பாவைச் சுற்றி இருந்த உப்புத் தண்ணீரோ, சும்மா தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. விரலை விட்டாள். சுரீரென்று எலும்புவரை ஏறியது.

“மச்சான், இங்க வாங்கோ. உள்ள கீற தண்ணி உறைஞ்சிகீது. அத்த உறைய வைக்கிற தண்ணி மட்டும் ஏன் உறையல?”

தாவூது வாயில் சுண்டலோடு தொட்டியைப் பார்த்தான். தினமும் பார்க்கிற தொட்டி. மென்று விழுங்கினான்.

“தெர்ல,” என்றான். பிறகு திரும்பி, கூட்டத்தில் நின்றிருந்த மெஷின் ஃபிட்டரைக் கைதட்டிக் கூப்பிட்டான். “யோவ், கொஞ்சம் இப்டி வாய்யா. எங்க வூட்ல ஒண்ணு கேக்குறா. எனக்கும் தெரிஞ்சிக்கணும்.”